வண்டி இழுக்காத நாட்கள்

முதலில் சத்தம்தான் மாறும். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் யாரோ பின்னால் நின்று கயிறு கட்டிப் பிடித்ததுபோல வண்டி தயங்கும். அக்சிலேட்டரில் காலை இன்னும் கொஞ்சம் அமத்துவேன். கால் போகும், வண்டி போகாது. நாலாம் கியரிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. பிறகு இரண்டு குலுக்கல் குலுங்கி நின்றுவிடும். சுற்றிவரக் காடு. பின்னால் ஐஸ் பெட்டிகளுக்குள் நாயாற்று மீன்.

போன மாரி முடிந்ததிலிருந்து வைகாசி வரைக்கும் இந்தச் சத்தத்தோடுதான் வாழ்ந்தேன். வண்டியில் இல்லாத நேரத்திலும் அது கேட்டது. குசினிக்குள் மனைவி மிக்சியைப் போட்டால் இடையில் தொய்வதுபோலத் தோன்றும். பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் ஓடினால் வேலியடிக்குப் போய் நின்று காது கொடுப்பேன். "அது அவையளின்ர மோட்டர். அதுக்கும் சேர்த்து நீங்களோ கவலைப்படுறது?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்பாள்.

எங்கள் வீடு தண்ணீரூற்றில். நான் செய்தது ஒரே வேலைதான். காலையில் நாயாற்றுக்குப் போவேன். அங்கே என் மனைவியின் தமையனும் அவரோடு சேர்ந்தவர்களும் கரைக்குக் கொண்டுவருகிற மீனை ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு, முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று போய் மல்லாவிச் சந்தையில் இறக்குவேன். அதற்காகவே வாங்கியதுதான் பழைய டீசல் பிக்கப். அந்த ஓட்டம் இல்லையென்றால் பிக்கப்புக்கு வேலை இல்லை. பிக்கப்புக்கு வேலை இல்லையென்றால் எனக்கும் இல்லை. நெல் மூட்டை சுமக்கிற முதுகு எனக்கு இப்போது கிடையாது.

பிக்கப்பின் டீசல் முள் நான் வாங்கும்போதே அரைவாசியில் செத்துக் கிடந்தது. டாங்கி நிறைந்திருந்தாலும் அரைவாசி காட்டும், காய்ந்திருந்தாலும் அரைவாசி காட்டும். வேறொருவர் என்றால் கணக்கில் ஓட்டியிருப்பார். என்னால் முடியாது. சீற்றுக்குப் பின்னால் ஒரு பூவரசந்தடி வைத்திருந்தேன். டாங்கி மூடியைத் திறந்து தடியை விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பேன். நாயாற்றில் ஏற்றி முடிந்ததும் ஒருமுறை. ஒட்டுசுட்டான் தாண்டி, காட்டுக்குள் பாலை மரத்தடியில் கூரை இல்லாமல் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அந்த வழியால் போகிற வாகனக்காரர் எல்லோரும் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் போவார்கள். நானும் கற்பூரம் கொளுத்துவேன், அது எரிந்து முடிகிற நேரத்துக்குள் அங்கேயும் ஒருமுறை தடியை விட்டுப் பார்ப்பேன், பிந்திப்போன நாளில் மட்டும் அது தவறும். கண்ணாடியில் மனைவி கட்டிவிட்ட செபமாலை ஆடும், ஸ்டியரிங்குக்கு மேலே நான் பூசிய திருநீறு இருக்கும். இரண்டு பக்கமும் சொல்லிவைத்துத்தான் ஓட்டம்.

மாரி மழையில் டாங்கிக்குள் தண்ணீர் போய்விட்டது. மூடியின் ரப்பர் உக்கிப்போயிருந்தது. மைத்துனர்தான் அதைக் கண்டுபிடித்தார். மீன் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பையை இரண்டாக மடித்து டாங்கியின் வாயில் வைத்து, அதற்கு மேலே மூடியைத் திருகி இறுக்கினார்.

"போட் டாங்கிக்கு நாங்கள் இப்பிடித்தான் மச்சான். கடல் தண்ணியே போகாது. மழைத் தண்ணி எங்கை போறது?"

எனக்குப் பெரிய ஆறுதல். அதன் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. தடி விட்டுப் பார்க்கிற நேரமெல்லாம் அந்தப் பையைக் கவனமாக எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பார்த்து முடிந்ததும் மடிப்புக் குலையாமல் திரும்ப வைத்து, இரண்டு கையாலும் இறுக்குவேன். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவு இறுக்கம் என்று நினைத்துக்கொள்வேன். சோடாப் போத்தல் திறந்ததுபோல இருக்கும்.

அதன் பிறகுதான் வண்டி இழுக்க மறுக்கத் தொடங்கியது.

தினமும் இல்லை, அதுதான் கொடுமை. தினமும் நின்றால் ஒரு முடிவு கட்டலாம். இரண்டு நாள் குதிரை மாதிரி ஓடும். மூன்றாம் நாள் மாங்குளத்துக்கு இந்தப் பக்கம் மூச்சுத் திணறும். கொஞ்ச நேரம் நிறுத்தி, பொனற்றைத் திறந்து பார்த்து, தடி விட்டு டீசல் பார்த்து, திரும்பி ஏறி ஸ்ராட் பண்ணினால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். மல்லாவியிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒரு முனகலும் கிடையாது.

பழைய தண்ணீர்தான் இன்னும் கிடக்கிறது என்றார்கள். முள்ளியவளையில் எனக்குத் தெரிந்த கராஜில் விட்டேன். மெக்கானிக் என்னைவிட வயதில் குறைந்தவர், வாய் ஓயாதவர். பில்டரை மாற்றினார், அடியில் நின்ற தண்ணீரைத் திறந்துவிட்டார், டீசல் குழாயெல்லாம் எங்காவது காற்று இழுக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டான் வரை ஓட்டினார். வண்டி பறந்தது.

"அண்ணை, டொக்டரைக் கண்டாக் காய்ச்சல் விட்டுப்போற சாதி உங்கடை வண்டி."

"இல்லைத் தம்பி, நேற்று நிண்டது."

"நிண்டிருக்கும். எனக்கு முன்னால நிக்குதில்லையே. டாங்கிக்குள்ள இன்னும் தண்ணி போகுதோ?"

"ஒரு சொட்டும் போகாது. மச்சான் நல்லா இறுக்கி வைச்சவர்."

"அப்ப அது பிரச்சினையில்லை," என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார். கராஜுக்குக் கொண்டுபோக முன் நான் வாசலில் வைத்து மூடியைத் திறந்து தடி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அதில் சொல்ல ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் மல்லாவியில் மீன் இளகிப்போய் இறங்கத் தொடங்கியது. பங்குனி வெயிலில் காட்டுக்குள் நின்றால் ஐஸ் எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்? அங்கே மீன் எடுக்கிற வியாபாரி பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டார். நாயாற்றுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். அடுத்த நாள் காலையில் மைத்துனர் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பார்.

"திரும்பியும் நிண்டிட்டுதாம்?"

"ஓம்."

"எங்கை?"

"ஒட்டுசுட்டான் தாண்டி."

"அங்கை யானையும் நிக்குது, நீயும் நிக்கிறாய். யானைக்கு ஐஸ் தேவையில்லை மச்சான்." நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இஞ்ச பார். இனி வழியில எங்கையும் நிப்பாட்டாதை. பிள்ளையாருக்குப் போற போக்கில ஒரு கும்பிடு காணும். அவர் கோவிக்கமாட்டார். வாங்கிறவங்கள்தான் கோவிக்கிறாங்கள்."

அவர் கத்தோலிக்கர், அவருக்குப் பிள்ளையாரைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் நினைத்தேன். ஆனால் மீன் அவருடையது. பிள்ளையாரடியில் நிறுத்துவதை விட்டேன். தலையை மட்டும் சாய்த்துவிட்டுப் போனேன்.

அந்தக் கிழமை முழுவதும் வண்டி நின்றது. ஒருநாள் தப்பவில்லை. அதே காட்டுக்குள், பிள்ளையாரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில்.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மனைவியிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு தேங்காயை வாங்கி வைத்துக்கொண்டு போய், பிள்ளையாரடியில் நிறுத்தி, உடைத்து, கற்பூரம் கொளுத்தி, தெண்டனிட்டு மன்னிப்புக் கேட்டேன். டாங்கியைத் திறந்து டீசல் பார்த்துவிட்டு ஏறினேன். மல்லாவி வரை ஒரு தயக்கம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்று நாள் நான் நித்திரை கொண்டேன். மைத்துனர் சொன்னதை மீறுகிறேன் என்ற பயம் ஒரு பக்கம், ஆனால் வண்டி நிற்காமல் போய்ச் சேர்ந்ததால் அவரும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள், வாரம் முழுவதற்கும் காணும் என்று, ஒட்டுசுட்டானில் டாங்கியை வாய் வரைக்கும் நிரப்பினேன். கண்ணால் கண்டு நிரப்பிய டீசல், தடி விட்டுப் பார்க்கத் தேவையில்லை. பிள்ளையாரடியில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு நேரே ஏறினேன். மனம் இலேசாக இருந்தது. நான் கவலைப்படாமல் வண்டி ஓட்டிய ஒரே நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

முன்னர் எந்த நாளும் இல்லாத மாதிரி, ஐந்து நிமிடத்துக்குள் வண்டி நின்றுவிட்டது.

றோட்டோரத்தில் குந்திக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. நிரப்பினாலும் நிற்கிறது, தேங்காய் உடைத்தாலும் நிற்கிறது, மெக்கானிக் பார்த்தாலும் நிற்கிறது. நோயில் விழுந்த ஒரு வருத்தக்காரனை வீட்டில் வைத்துப் பார்ப்பதுபோல இருந்தது. இன்றைக்கு எழும்பி இருக்கிறான் என்று சந்தோசப்பட்டால் நாளைக்குப் படுத்துவிடுகிறான்.

மெக்கானிக் இந்த முறை பகிடி விடவில்லை. "அண்ணை, இனிப் பம்பில கை வைக்க வேண்டியதுதான். கழட்டி வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் குடுக்க வேணும். அவங்கள் எப்ப தருவாங்கள் எண்டு சொல்லேலாது. அதுவரைக்கும் வண்டி இஞ்சை கட்டையில நிக்கும்."

வண்டி கட்டையில் நின்றால் மீன் கரையில் நிற்காது. மைத்துனரிடம் போய்ச் சொன்னேன். அவர் வலைக் குவியலில் இருந்தபடி கடலைப் பார்த்தார்.

"கூலர் லொறிக்காரன் ஒருத்தன் வந்து கேட்டுக்கொண்டு திரியிறான். மற்ற ஆக்கள் என்னை அரிச்செடுக்கினம். தங்கச்சியின்ர புருசன் எண்டு எவ்வளவு நாளைக்கு நான் சொல்லுறது? நாளைக்கு ஒருக்காக் கொண்டுபோ. நாளைக்கும் மீன் இளகினா நான் ஒண்டும் செய்யேலாது மச்சான்."

அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை என்பதை வைத்தே மனைவிக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், தேங்காயையும் சொன்னேன்.

"நாளைக்கு நானும் வாறன்," என்றாள்.

"நீர் வந்து என்ன செய்யப்போறீர்? தள்ளப்போறீரோ?"

"நீங்கள் தனிய இருந்து யோசிச்சு யோசிச்சே அந்த வண்டிக்கு வருத்தம் வந்திட்டுது. பக்கத்தில ஒரு ஆள் இருந்தா அதுவும் கொஞ்சம் சும்மா வரும்."

அடுத்த நாள் நாயாற்றில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் படலையடியில் அவளையும் ஏற்றினேன். டாங்கி முக்கால்வாசி இருந்தது. ஒட்டுசுட்டான் வரை அவள் தன் தமையனைப் பற்றியும், கதவு கிறீச்சிடுவதைப் பற்றியும், சீற்றில் ஒட்டியிருந்த மீன் செதிலைப் பற்றியும் கதைத்துக்கொண்டே வந்தாள். நான் எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தேன். பிள்ளையாரடியில் நிறுத்தப்போனேன்.

"நிப்பாட்டாதேங்கோ. அண்ணை சொன்னவரெல்லே."

தலையைச் சாய்த்துவிட்டுப் போனேன். கொஞ்சத் தூரம்தான். சத்தம் மாறியது. அவளும் கதையை நிறுத்திவிட்டாள். மூன்று, இரண்டு, குலுக்கல். நின்றுவிட்டது.

பின்னால் ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு இறங்கவே மனம் வரவில்லை. இறங்கினால் பொனற்றைத் திறப்பேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, மூடுவேன். கை பழக்கத்தில் சீற்றுக்குப் பின்னால் போய்த் தடியை எடுத்தது. இறங்கி டாங்கியடிக்குப் போனேன். அவளும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

மூடியைத் திருகினேன். உஸ்ஸ்ஸ்.

"என்ன அது?" என்றாள்.

"எது?"

"இந்தச் சத்தம்."

"அது எப்பவும் வாறது. உம்மடை அண்ணை பை வைச்சு இறுக்கினதில இருந்து வருது. நல்ல இறுக்கம்."

அவள் மூடியை என் கையிலிருந்து வாங்கினாள். டாங்கியின் வாயில் இருந்த பை நடுவில் உள்ளுக்குக் குழிந்து போயிருந்தது, யாரோ உள்ளே இருந்து உறிஞ்சிப் பிடித்ததுபோல. அதை இத்தனை மாதமும் நானும் பார்த்துத்தான் இருக்கிறேன். மடிப்புக் குலைகிறதே என்று மட்டும் நினைத்து நீவி நீவி வைத்திருக்கிறேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள். சத்தம் தணிந்திருந்தது. "போட்டில எங்கடை அப்பா எஞ்சினை இழுக்க முதல் என்ன செய்வார் தெரியுமோ? டாங்கி மூடியில ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திறந்து விடுவார். காத்துத் திருகு. கரையில நிக்கேக்கை பூட்டி வைக்கிறது, ஓடேக்கைத் திறக்கிறது. திறக்க மறந்தா கொஞ்சத் தூரம் போய் எஞ்சின் அணைஞ்சுபோம். எண்ணெய் வெளியில போகப் போக உள்ளுக்குக் காத்து வரவேணும். வராட்டி எண்ணெய் வராது."

"இது போட் இல்லையே."

"போட் இல்லைத்தான். அதுதான் இதில திருகும் இல்லை. அண்ணை பையை மட்டும் வைச்சவர்."

மூடியைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கத்தில் காற்று போவதற்கென்று, ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளைக்கு மேலே நேரே பை இருந்த அடையாளம் வட்டமாகப் பதிந்திருந்தது.

காற்றைப் பற்றி இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது. நான் அந்தப் பாடம் வருவதற்குள் நின்றுவிட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். பிள்ளையாரடியில் நிறுத்திவிட்டு வண்டி ஒழுங்காக ஓடிய நாளெல்லாம் டாங்கியையும் திறந்திருக்கிறேன். திறக்காத நாளில் நின்றிருக்கிறது. வாய் வரைக்கும் நிரப்பிய நாளில் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, உடனே நின்றிருக்கிறது. கராஜுக்குப் போக முன்னும் திறந்திருக்கிறேன். நான் பயந்து பயந்து திறந்ததால்தான் வண்டி இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறது. அதனாலேயே ஒருவருக்கும் வருத்தம் பிடிபடவும் இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். "பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்சு, டாங்கிக்கு மூச்சையும் அடைச்சு வைச்சிருக்கிறியள். அந்த மனிசன் என்னத்தைச் செய்யிறது?"

"காணும். ஏறும்."

பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மூடியை அப்படியே திருகினேன். எஞ்சினைப் போட்டேன். மாங்குளம் வரை இழுத்தது. மாங்குளத்தில் நிறுத்தி மூடியைக் கொஞ்சம் திறந்து பார்ப்போமா என்று கால் பிரேக்குக்குப் போனது.

"எங்கை நிப்பாட்டுறியள்?"

"ஒருக்காப் பார்த்தா..."

"பார்க்கவேண்டாம். பார்த்தா, பார்த்ததாலதான் ஓடினது எண்டு நாளைக்குத் திரும்பியும் தொடங்குவியள். பாராமப் போங்கோ."

அந்த மிச்சத் தூரம்தான் என் வாழ்க்கையில் நான் ஓட்டிய ஆக நீளமான தூரம். வன்னிவிளாங்குளம் தாண்டி மல்லாவிச் சந்தைக்குள் திரும்பும்வரை சத்தம் மாறவே இல்லை. வியாபாரி பெட்டியைத் திறந்து பாரையின் செவுளைத் தூக்கினார். சிவப்பு. என்னிடம் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. நல்லதுக்கும் அவர் ஒன்றும் சொல்லுகிற ஆள் இல்லை.

திரும்பும் வழியில் வீட்டுக்குப் போகாமல் இரண்டு பேரும் நேரே நாயாற்றுக்குப் போனோம். மைத்துனர் நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் சட்டைப் பையிலிருந்து சொப்பிங் பையை எடுத்து நீட்டினேன். டீசல் ஊறி மஞ்சளாகி இருந்தது. என் மனைவிதான் நடந்ததைச் சொன்னாள்.

அவர் பையை விரித்துப் பார்த்தார். முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு அது போய்விட்டது.

"அப்ப நான்தானோ?"

"நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்," என்றேன். "தண்ணி போகேல்லை. அது உண்மை."

"திருகு இல்லை எண்டதை நான் யோசிக்கேல்லை மச்சான்." வலை ஊசியைக் கீழே வைத்தார். "வியாபாரி போன் போட்டவன். மீன் நல்லாயிருக்காம். ஆனால்..." என்று நிறுத்தினார். "மற்ற ஆக்களில பாதிப் பேர் நேற்றே அந்தக் கூலர் லொறிக்காரனுக்குச் சொல்லிப்போட்டினம். சொன்ன சொல்லை இனித் திருப்பேலாது. எங்கடை வீட்டுப் போட்டுகளின்ர மீன் உனக்குத்தான். அது எப்பவும் உனக்குத்தான்."

நான் ஓம் என்றேன். கோபப்பட வேண்டிய இடம் எதுவென்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாதி மீன். பாதி மீனுக்கும் அதே தூரம், அதே டீசல். என் மனைவி தமையனுக்கு முன்னால் ஒன்றும் காட்டவில்லை. வண்டியில் ஏறிய பிறகு செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நாயாற்றுப் பாலம் தாண்டும்வரை ஒவ்வொரு மணியாக உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "பாதியெண்டாலும் இருக்கு," என்றாள். "ஓம்," என்றேன்.

இப்போது டாங்கிக்கு ரப்பர் போட்ட புது மூடி. மெக்கானிக் தானே தேடி வாங்கித் தந்தார். "பம்பைக் கழட்டியிருந்தா அண்ணை, பம்பும் நல்லது, நானும் நல்லவன், வண்டி மட்டும் நிண்டிருக்கும்," என்று சொல்லிக்கொண்டே திருகினார். கதையை முள்ளியவளை முழுக்கச் சொல்லித் திரிகிறார் என்று கேள்வி. சொல்லட்டும்.

பூவரசந்தடி இன்னும் சீற்றுக்குப் பின்னால் இருக்கிறது. டீசல் முள் இன்னும் அரைவாசியில்தான். பிள்ளையாரடியில் திரும்ப நிறுத்தத் தொடங்கியிருக்கிறேன். பாதி ஏற்றம் என்பதால் நேரம் கொஞ்சம் இருக்கிறது. கற்பூரம் எரிந்து முடியும்வரை நிற்பேன். கை டாங்கிப் பக்கம் போகும். பிடித்து வைத்துக்கொண்டு ஏறுவேன்.

மாங்குளம் நெருங்குகிற நேரத்துக்கு அவள் போன் எடுப்பாள்.

"எங்கை நிக்கிறியள்?"

"நிக்கேல்லை. போய்க்கொண்டிருக்கிறன்."

"சத்தம்?"

"மாறேல்லை."

"சரி, வையுங்கோ," என்பாள். போனை வைத்துவிட்டு, இன்னும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பேன்.